எட்டாம் வகுப்பு ‘ஆ’ பிரிவின் இதயம்

முதல் இதயம் உதவவில்லை.

மூன்று தண்ணீர் பாட்டில்,
வளைகிற ஸ்ட்ரா நான்கு,
யார் பிறந்தநாளிலோ மிஞ்சிய மஞ்சள் பலூன்,
சத்துணவுக்கூட அமுலு அக்காவிடம்
கெஞ்சி வாங்கிய பீட்ரூட் வெந்த தண்ணீர்.

பலூனை அழுத்தினால் சிவப்பு போனது.
விட்டால்
போன வழியே திரும்பி வந்தது.
போனது வந்தது, போனது வந்தது.
ஒரு சொட்டுகூட
ஊர் போய்ச் சேரவில்லை.

“வால்வு இல்ல. அதான்” என்றேன்.
“ஒரு பக்கம் மட்டும் திறக்கிற கதவு.”
கரும்பலகையில் வரைந்தபோது
சாக்பீஸ் உடைந்தது.

டில்லிபாபு எழுந்தான்.
“நம்ம கேட்டு மாதிரியா மிஸ்?”

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்.
சரக்கு வண்டி கடக்கும்வரை
இந்தப் பக்கம் ஆட்டோ, அந்தப் பக்கம் லாரி,
நடுவில் மீன்கூடையை இறக்கி வைத்த அம்மாக்கள்.
கட்டை மேலேறிய நொடியில்
இரண்டு பக்கமும் ஒன்றாக நுழைந்து
தண்டவாளத்தின் மேல் மூக்கோடு மூக்கு.

“அது வால்வு இல்லடா,” என்றாள் எப்சிபா,
“அதுக்குப் பேரு ஹார்ட் அட்டாக்.”

பாடத்தின்படி அது தப்பு.
திருத்த எனக்கு மனம் வரவில்லை.

கடைசி பெஞ்சு யுவராணி
“சைக்கிள் டியூப் கெடைக்குமா மிஸ்?” என்றாள்.
பஞ்சர் கடைக்கு ஓடிய டில்லிபாபு
கேட் போட்டுவிட்டதால் தாமதமாக வந்தான்.
கட்டைவிரல் நகமளவு இரண்டு துண்டு வெட்டினாள்.
ஒரு ஓரம் ஒட்டி, மறு ஓரம் ஒட்டாமல்
ஸ்ட்ராவின் வாயில் பதித்தாள்,
எதையும் அளக்காமல்.

“எங்க தெரு அடிபம்புக்குள்ள இதான் இருக்கு.
வாஷர் தேஞ்சா வெறும் காத்துதான் வரும்.
ஆளு வர்ற வரைக்கும் யாரு நிப்பா?
நாங்களே போட்டுக்குவோம்.”
விடியற்காலை நாலு மணிக்கு, பதினோரு குடம்.
அதை அவள் சொல்லவில்லை,
அவள் உள்ளங்கையில் இருந்தது.

அழுத்தினாள்.
சிவப்பு போனது.
விட்டாள்.
திரும்பவில்லை.

பிறகு வந்த கூச்சலை
நான் அடக்க முயன்றதாக
தலைமையாசிரியையிடம் சொல்லியிருக்கிறேன்.

“நிமிஷத்துக்கு எழுவத்திரண்டு,” என்றேன்,
“பெல் அடிக்க இருபது நிமிஷம். ஓட்டிப் பாப்போம்.”
அஃப்ரின் எண்ணினாள்.
முதல் கை எண்பதில் சலித்தது.
பலூன் கை மாறியது, பெஞ்சு மாறியது,
கால்பந்து ஆடுகிற கைகளெல்லாம்
நூறு தாண்டவில்லை.
மணி அடித்தபோது
தொள்ளாயிரத்து அறுபத்து மூன்று.

“மீதி நானூத்தி எழுவத்தேழை யாரு அடிப்பா?”
கேட்டுவிட்டு அஃப்ரின்
தன் சட்டையின் இடப்பக்கத்தைக் குனிந்து பார்த்தாள்,
கடன் கொடுத்தவரைப் பார்ப்பது போல.

“அதுக்கு எப்ப மிஸ் லீவு?”

நான் குறிப்பேட்டைப் புரட்டினேன்.
யுவராணி கை துடைத்துக்கொண்டிருந்தாள்.
“கைப்புடி மேல வருதுல்ல, அப்போ.
கீழ அமுக்கறதுதான் வேலை.
மேல வர்றப்போ கை சும்மா அதுகூடப் போவும்.
அவ்ளோதான் லீவு.”

விரிவு நிலை, என்றிருந்தது என் குறிப்பில்.
அடிக்கவில்லை.
கீழே எழுதிக்கொண்டேன்:
கைப்பிடி மேலே வரும் நேரம்.

அதற்குள் கதவிடுக்கு வழியே சிவப்பு வழிந்து
பக்கத்து வகுப்பு மரகதம் டீச்சர் ஓடி வந்தார்.
“அய்யோ, யாருக்கு என்ன ஆச்சு?”
“யாருக்கும் இல்ல டீச்சர்,
எங்க எல்லாருக்கும்தான்,” என்றான் டில்லிபாபு.
அவனுக்கே புரிந்திருக்காது.

மறுநாள் காலை
ஜன்னல் கம்பியில் கட்டிய இதயம்
அடியில் ஒரு கோடு சிவப்போடு காய்ந்திருந்தது.
பீட்ரூட்டின் இனிப்புக்கு எறும்புகள்.
ஸ்ட்ராவுக்குள் சாரையாக
போவதும் வருவதுமாய்,
வால்வை ஒரு பொருட்டாக மதிக்காமல்.